குழாய் தெரியும் ஒரே காட்சி

எங்கள் கடற்கரையில் வீடியோக்காரியைத் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாண வீட்டில் யார் வாய் நிறையத் திணிக்கிறார்களோ, சரியாக அந்த நேரம் பார்த்து அவர்களைப் படம் பிடிப்பாள். அந்தச் சம்பாத்தியத்தில்தான் அண்ணன் படகுக்கு என்ஜின் வாங்கிக் கொடுத்தாள். பிறகு கேமராவைக் கடல் பக்கம் திருப்பினாள். சாயத் தொழிற்சாலைக் கழிவில் செத்து மிதந்த மீன்களைப் படமாக்கி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போட்டுக் காட்டினாள். நான் அதில் ஒரு பள்ளியின் அறிவியல் வாத்தியார்.

படம் பார்த்த பிள்ளைகள் வீட்டில் போய் மீனே வேண்டாம் என்றார்கள். சந்தையில் மீனைச் சீந்த ஆளில்லை. விஷத்தைக் கொட்டியவன் சொகுசாக இருந்தான். ஆத்திரமெல்லாம் இவள்மேல் திரும்பியது. அண்ணனுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். நல்ல நியாயம்!

தொழிற்சாலைக்காரர்கள் யாரும் பார்க்காதபடி மழை கொட்டும்போதுதான் கழிவுக் குழாயைத் திறப்பார்கள். அப்படியொரு மழைநாள் காலையில், கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, குழாய்க்கு எதிரே ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டாள். கறுப்பாகக் கொட்ட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தான்.

"எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டு, இன்னும் படமா புடிக்கிற?"

"அண்ணே, அங்க பாருண்ணே, அவங்கதான்..."

முடிக்க விடவில்லை. முகத்தில் குத்தினான். விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி, துடுப்பால் விளாசினான். மணிக்கட்டு முறிந்தது. முன்பற்கள் மணலில் விழுந்தன. கேமராவை உடைக்க வேண்டும் என்று மட்டும் அந்த மடையனுக்குத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே குழாயைக் கடலுக்கடியில் இறக்கிவிட்டார்கள். இனி யார் கண்ணுக்கும் அது தெரியாது. குழாய் கொட்டுகிற காட்சி அது ஒன்றுதான் மிச்சம். அதன் நடுவே அண்ணன்.

"அந்த இடத்த மட்டும் வெட்டிடும்மா. கூடப் பொறந்தவன் ஊரு முன்னாடி தல குனியணுமா?" என்று அம்மா அழுதாள்.

"அவன வெட்டினா குழாயும் போயிரும்மா."

வெட்டவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு எங்கள் பள்ளிக்கு வந்தாள். அண்ணன் மகளும் எங்கள் மாணவிதான். வெளியே போய் இரு என்று சொல்லிப் பார்த்தேன்; அவள் அசையவில்லை. படத்தைப் போட்டேன். துடுப்படி விழுந்தது, இவளுடைய அலறல் ஹால் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது.

"என்ன பாத்தீங்க?" என்று வீடியோக்காரி பிள்ளைகளைக் கேட்டாள்.

"ஒரு ஆளு உங்கள அடிச்சாரு, மிஸ்."

"அவருக்குப் பின்னாடி?"

ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் துடுப்பு ஓங்கியது. மறுபடியும் எல்லாக் கண்ணும் துடுப்பிலேயே. பல்லைப் பறிகொடுத்து, கையை முறித்துக்கொண்டு எடுத்த படம் வெறும் சண்டைக் காட்சியாகிவிட்டது.

"போதும்மா, விட்டுரு" என்றேன்.

"இன்னொரு தடவ போடுங்க சார்."

கடைசி வரிசையில் அண்ணன் மகள் எழுந்து நின்றாள்.

"குழாயிலேருந்து கறுப்பா வருது அத்த. மொதல்ல கொஞ்சமா, அப்புறம் நெறைய. கரை வரைக்கும் கறுப்பாயிடுச்சு."

"நீ மட்டும் எப்படிம்மா பாத்த?"

"அப்பாவப் பாக்க முடியல அத்த. அதான் அங்கயே பாத்துட்டு இருந்தேன்."