எஃப்.சி.க்குப் போன வண்டியும் பின்னால் வந்த பைக்கும்

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று காலாவதியாகிவிட்ட எங்கள் சரக்கு வண்டியை வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நானே ஓட்டிப் போனேன். ஆய்வுக்கு மட்டும் ஓட்டலாம் என்று வாங்கிய அனுமதிச் சீட்டு கையில் இருந்தது. இருந்தும் தப்பு செய்கிறவள் போல, எங்காவது போலீஸ் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஊரைத் தாண்டியதுமே ஒரு பைக் பின்னால் ஒட்டிக்கொண்டது. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. ஒதுங்கி வழிவிட்டும் முந்தவில்லை. போலீசுக்குத் தகவல் சொல்கிறவனா, தனியாகப் போகிற பெண்ணைத் தொடர்கிறவனா என்று தெரியவில்லை. அவன் ஹாரன் அடிக்க அடிக்க, நான் வளைவுகளில்கூட வேகத்தைக் கூட்டினேன். ஒருமுறை கண்ணாடியில் பார்த்தபோது, தனக்குப் பின்னால் வரும் யாருக்கோ கையைக் காட்டினான். கூட்டாளியும் இருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

மலையிறங்கியதும், கச்சிராயபாளையத்தில் டீக்கடைக் கூட்டத்தைப் பார்த்த தைரியத்தில் நிறுத்தி இறங்கினேன்.

“இன்னாத்துக்கு என் பின்னாடியே வர்ற?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஐம்பது வயதிருக்கும்.

“பிரேக் புடிச்சா உங்க வண்டியில செவப்பு லைட்டு எரியலைங்க. பின்னாடி பஸ்ஸு வந்துகினு இருந்துது. இடிச்சிடப் போறான்னு நடுவுல கையக் காட்டிக்கினே வந்தேன்.”

“நீங்க எங்க போவணும்?”

“எனக்குக் கரியாலூர்லதாங்க வூடு.”

கரியாலூரைத் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் வந்திருக்கிறார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

அங்கேயே ஃபியூஸ் மாற்றினேன். ஆய்வில் வண்டி தேறியது. ஊரே கேட்கக் கத்தியவள், மன்னிப்பை மட்டும், அவர் கிளம்பும்போது அவர் காதில்கூட விழாதபடி முணுமுணுத்தேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது.