குலாபா சரிவில் ஒரு ‘ஆகு’

திருப்பதி ரயில் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தபோது பிப்ரவரி வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கள் பைகளிலோ கம்பளிச் சட்டைகள். “கொண்டகா மேடம்?” என்று கேட்டார் ஓட்டுநர். கொண்ட என்றால் மலை; இந்த ஊரில் மலை என்றால் திருமலை ஒன்றுதான்.

“கொண்டதாண்ணா, வேற கொண்ட,” என்றாள் ஹேமா.

ஹேமா நகரி பக்கத்து விஜயபுரத்துக்காரி. வேர்க்கடலை போடும் தமிழ்க் குடும்பம். படித்ததெல்லாம் தெலுங்குப் பள்ளி. நான் திருவள்ளூரிலிருந்து வந்து தடாவில் அறை எடுத்திருக்கிறேன். இருவருக்கும் ஸ்ரீசிட்டியில் ஒரே தொழிற்சாலையில் வேலை. போன வருஷம் மணாலியில் பனிச்சறுக்கு பழகினோம். இந்த முறை ஆள் போகாத மலைச்சரிவில் சறுக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆசை யாரை விட்டது?

ரயிலில் டெல்லி, அங்கிருந்து பேருந்தில் மணாலி. சறுக்குப் பலகைக்கும் காலணிக்கும் நாள் வாடகை ஆயிரத்து ஐநூறு ரூபாய். மறுநாள் காலை, இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் குலாபாவுக்கு ஜீப்பில் போனோம். வழிகாட்டி நோர்பு ஆளுக்கொரு கருவியை மார்பில் கட்டிவிட்டார். பனியில் புதைந்தால் அது இருக்குமிடத்தைக் காட்டுமாம். ‘புதைந்தால்’ என்பதை அவர் ‘பசித்தால்’ என்பதுபோல் சொன்னது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பலகைக்கு அடியில் வழுக்காத பட்டை ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஏறினோம். பனி ஏன் சரிகிறது, எப்போது சரிகிறது என்று நான் அவரைத் துளைத்தெடுத்தேன். பதினோரு மணிக்கு ஓரிடத்தில் நின்று, மண்வாரியால் மார்பளவு குழி வெட்டினார் நோர்பு. குழியின் சுவரில் ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகத் தெரிந்தது. அதில் ஒரு தூணைப் பிரித்து, அதன் தலையில் மண்வாரியை வைத்து, முதலில் விரலால் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. முழங்கையை மடக்கித் தட்டியதும் மேல்பாதி அப்படியே நழுவி விழுந்தது. அடியில் இருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ரவை மாதிரி ஒட்டாமல் உதிர்ந்தது.

“கடலை புடுங்கற நெலம் மாதிரியே கீதுடி. மேல கட்டி, அடியில பொலபொலன்னு,” என்றாள் ஹேமா.

வலப்பக்கச் செங்குத்துச் சரிவு இன்று வேண்டாம், என் தடத்துக்கு இடப்பக்கமே வாருங்கள், ஒருவர் பின் ஒருவராக, என்று இந்தியில் சொல்லிவிட்டு நோர்பு முதலில் இறங்கினார். கீழே ஒரு பாறையருகே, குரல் எட்டாத தூரத்தில் போய் நின்றார். அடுத்து நான்.

பாதி வழியில் அவர் தடம் இறுகி வழுக்கியது. வலப்பக்கம் பனி மெத்தென்று கிடந்தது. ஒரு பலகையை அங்கே வைத்து, மேலே நின்ற ஹேமாவைப் பார்த்துக் கத்தினேன்.

“இந்தாண்ட ஆகுமா?”

“ஆகு! ஆகு!”

காற்று வாலை அறுத்த ‘ஆகும்’ என்றே என் காது எடுத்துக்கொண்டது. உந்தி முன்னே போனேன்.

“நில்லுடி எருமை!”

அப்படியே பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்னால், நாலு எட்டில், பனி பாளமாக வெடித்தது. வலப்பக்கச் சரிவு மொத்தமும் புகைந்துகொண்டு இறங்கி, நோர்பு நின்ற பாறையைத் தொடாமல் பள்ளத்தில் அடங்கியது.

ஹேமா என்னிடம் வந்து சேர்ந்தபோது அழுதுகொண்டிருந்தாள். என் பலகைக்கு முன்னால் பனியில் கீறல் ஒன்று ஓடியதைப் பார்த்திருக்கிறாள்.

“ஆகுன்னேனே, நிக்கக்கூடாதா?”

அப்போதுதான் உறைத்தது. தெலுங்கில் ‘ஆகு’ என்றால் நில். ஸ்ரீசிட்டிப் பேருந்தில் தினமும் கேட்கிற சொல். ஆனால் நாங்கள் இருவரும் பேசுவது எப்போதும் தமிழ்தான்.

“பயத்துல ஸ்கூல் பாஷ வந்துட்ச்சுடி. நீ போயிருந்தா உங்க நைனாகிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன்?”

எனக்கும் அழுகை வந்தது. உயிர்மேல் எனக்கு இத்தனை ஆசை இருப்பது அன்றுதான் தெரிந்தது.

எங்கள் பக்கத்து நகரி மலை நேற்று நின்ற இடத்தில் இன்றும் நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பனிமலை என்பது ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்பது விளங்கச் சற்று நேரமாகிறது. நேற்றைய பதில் அங்கே இன்றைக்குச் செல்லாது.

திருப்பதியில் இறங்கி, நிலையத்துக்கு வெளியே சாலையைக் கடக்கக் கால் வைத்தேன். பேருந்தும் ஆட்டோவும் முட்டிமோதிக்கொண்டு வந்தன. ஹேமா வாயே திறக்காமல் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இன்னாடி?”

“ஒண்ணுமில்ல. இனிமே வாய நம்பறதா இல்ல.”

எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை விடவில்லை. நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.