அறுபத்திரண்டு டிகிரியில் ஒரு கைராசி

வெப்பப் பகுப்பாய்வுக் கூடத்தில் அவளைக் கைராசிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை சின்னதுதான். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய அலுமினியக் கிண்ணத்தில் மருந்துத் தூளைக் கிள்ளிப் போட்டு, மூடியை விரலால் அமுக்கிக் கருவிக்குள் வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு காலிக் கிண்ணம் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சூடாக்கினால், தூள் உருகும் இடத்தில் திரையில் கோடு குழியும். காலிக் கிண்ணத்துக்கு வேறு வேலையே கிடையாது. ஆனால் அதன் இடம் நிரந்தரம். இவளுக்குத்தான் இன்னும் தற்காலிகம்.

தூள் நூற்றைம்பது டிகிரியில் உருக வேண்டும். இவள் வைத்தால் மட்டும் அறுபத்திரண்டிலும் ஒரு குட்டிக் குழி விழுந்தது. மருந்துக்கு யாரும் காணாத புதுப் படிக உருவம் அகப்பட்டுவிட்டதாகத் துறைத் தலைவர் குதித்தார். மற்றவர்கள் வைத்தால் அகப்படவில்லையே என்று யாரோ கேட்டார்கள். கைராசி என்று தீர்ப்பானது.

"இதைப் பார்க்க நிபுணர் குழுவை வரச் சொல்லியிருக்கேன். குழு வந்து பார்க்கட்டும்மா, உன் வேலை நிரந்தரம். நானாச்சு" என்றார் தலைவர்.

குழு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், புருஷன் கையிலிருந்து டிவி ரிமோட் வழுக்கி விழுந்தது.

"நீ தொட்டது எதுவும் என் கையில நிக்க மாட்டேங்குது. அந்தக் களிம்பைத் தடவிட்டு எதையும் தொடாதேன்னா கேக்கறியா?"

கை வெடிப்புக்கு நாத்தனார் காய்ச்சிக் கொடுத்த தேன்மெழுகுக் களிம்பு அது. அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் தூள் இல்லாமல் களிம்பை மட்டும் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கினாள். அறுபத்திரண்டில் பள்ளத்தாக்கே விழுந்தது.

தலைவரிடம் காட்டினாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் தடவிக்கயேம்மா."

"வெடிப்பு ஆறிடுச்சு சார்."

ஆறவில்லை.

பக்கத்து அறையில் கையுறை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, குழுவின் முன்னால் தூளை வைத்தாள். கோடு அறுபத்திரண்டை மதிக்காமல் நேராகப் போயிற்று.

"புது உருவம் எங்கே?" என்றார் குழுவில் மூத்தவர்.

"அது என் கைக்களிம்புங்க. காலையிலதான் தெரிஞ்சுது."

மூத்தவர் தலைவர் பக்கம் திரும்பினார். "காலையிலேயே தெரிஞ்சா எங்களை ஏன் சார் வரவழைச்சீங்க?"

தலைவர் சன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வீட்டில் புருஷன் கேட்டான்: "என்னாச்சு? நிரந்தரமா?"

"இல்ல. இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம்."

"அவ்வளவுதானா?"

"பெட்டி பெட்டியா கையுறை வாங்கப்போறாங்களாம்."