ஓர்லிகோனில் ஒரு சாணிச் சுவர்

சூரிச்சின் ஓர்லிகோனில் ஓர் ஓவியக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை ஜெயமலருக்குக் கிடைத்தது 1988இல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடம், அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இந்த வேலை போனால் வழக்கும் கெட்டுவிடும் என்று கணவன் தயாநிதி பயந்துகொண்டிருந்தான்.

இலையுதிர் காலத்தில் வேல்ஸிலிருந்து கெரிஸ் என்ற ஓவியர் வந்தாள். ஆப்பிரிக்காவில், லெசோதோவில் இரண்டு வருடம் இருந்து, அங்குள்ள பெண்கள் வீட்டுச் சுவரில் மண் பூசி விரலால் கோடிழுப்பதைப் பழகியவள். அதன் பிறகு தூரிகையைத் தொடவேயில்லையாம். தன் ஊர் மலைச்சரிவு வயல்களைக் கூடத்தின் பெரிய சுவரில் அதே முறையில், ஒரு வாரம் பாடுபட்டு வரைந்தாள்.

அந்த வாரம் பெரிய சுவர்ப் பக்கமே வராத ஜெயமலர், வெள்ளிக்கிழமை காலை தனியே வந்து பார்த்தால் சுவரெல்லாம் வெடிப்பு. கோடுகளோ, அடுத்த பூச்சுப் பிடிப்பதற்காகக் கீறிவிட்டவை என்று நினைத்தாள். ஊரில் மண்வீடு மெழுகிப் பழகிய கை, வெடித்த மண்ணைக் கண்டால் சும்மா இருக்குமா? தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் வழித்து, அழகாக மெழுகிவிட்டாள். வெடிப்பும் போனது, ஓவியமும் போனது.

கெரிஸ் தரையில் குந்தி அழுதாள். கூடத்து நிர்வாகி கதவைக் காட்டினார். ஜெயமலரை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அசையவில்லை.

"அழிச்சது நான்தான். ஆனா இந்த மண் எப்பிடியும் விழும். சாணி போட்டனீங்களோ?" என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டாள்.

லெசோதோவில் போடுவார்கள், இங்கே நாறும் என்று நிர்வாகி விடவில்லை என்றாள் கெரிஸ். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். கண்காட்சித் திறப்புக்கு இரண்டே நாள். நிர்வாகிக்கும் வேறு வழி இல்லை.

ஜெயமலர் தயாநிதிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"உமக்கென்ன விசரே? மன்னிப்புக் கேட்டிட்டு வீட்டை வாரும்."

"கேட்டாப்போலை சுவர் நிக்குமே? நான் மாட்டுப் பண்ணைக்குப் போறன். வர நேரம் செல்லும்."

திரும்பி வரும்போது ட்ராமில் அவளையும் வாளியையும் சுற்றி ஆறு இருக்கை காலி. இருவருமாகக் குழைத்தார்கள். ஜெயமலர் மெழுக மெழுக, ஈரம் காயுமுன் கெரிஸ் கோடிழுத்தாள். முதல் தடவையைவிடத் துணிந்த கோடுகள். ஞாயிறு பின்னேரம் வரை ஒரு வெடிப்பு இல்லை.

திறப்புக்குச் சனம் வந்தது. சுவரருகே ஒட்டிய அட்டையில் 'மண், இயற்கைப் பசை' என்று நிர்வாகி எழுதியிருந்தார். ஜெயமலர் பேனா வாங்கி 'இயற்கைப் பசை' என்பதைக் கோடிட்டு வெட்டிவிட்டு, 'மாட்டுச் சாணி' என்று ஜெர்மனில் எழுதினாள்.

வேலை வேண்டுமா, வேண்டாமா என்று நிர்வாகி அவள் காதருகே கேட்டார்.

"வேலையும் வேணும். சாணியும் இருக்கவேணும்."

கண்காட்சி நடந்த மூன்று வாரமும் அட்டை அப்படியே இருந்தது. ஜெயமலரும் இருந்தாள்.