சஷ்டி விரதத்தில் இரண்டு ஃபெசன்ட்

மகள் அந்தப் பையைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தது கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். அந்த ஆறு நாளும் என் மனைவி பாலும் பழமும்தான். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் உள்ள எங்கள் வீட்டுக்குள் அந்த நாட்களில் மச்சம் நுழையாது. இறைச்சி, மீன் சமைக்கிற சட்டிகள்கூடக் கழுவிக் கவிழ்க்கப்பட்டு கராஜுக்குப் போய்விடும். மகளுக்கு இது தெரியாததல்ல. இந்த முறை மறந்துவிட்டாள்.

பைக்குள் இரண்டு ஃபெசன்ட் பறவைகள், இறகோடு, கழுத்தில் கயிறு கட்டியபடி. ஒன்று பெட்டை, சாம்பலும் மண்ணும் கலந்த நிறம். மற்றது ஆண். செம்பு நிற உடம்பு, சேவலின் சிவந்த முகம், முழ நீளத்துக்கு வால். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"இதென்னப்பா, மயிலோ சேவலோ? முருகன்ரை ரெண்டையும் ஒண்டாக்கிச் சுட்டு அனுப்பியிருக்கினம். அதுவும் சஷ்டிக்கை!"

அனுப்பியவர், மகள் கட்ட விரும்புகிற வெள்ளைக்காரப் பெடியனின் தகப்பன். நாட்டுப்புறத்தில் விவசாயம் செய்து ஓய்ந்தவர். தானே சுட்ட பறவைகளாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். பெடியனுக்கு அன்று ஆஸ்பத்திரியில் ஷிப்ட் என்பதால் தனியாகவே வருவார்.

"சமைச்சு வையுங்கோ அப்பா, சேர்ந்து சாப்பிடுவம்," என்றாள் மகள். "அண்டைக்கு நீங்கள் ஓமோ இல்லையோ எண்டு சொல்லோணும். இனியும் இழுக்க ஏலாது."

நான் இழுத்தடித்தது உண்மைதான். ஆறு மாதமாகச் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் வீடு வாங்கட்டும் என்றேன். பிறகு, சாதகத்தில் நம்பிக்கையே இல்லாத நான், சாதகம் பார்க்கவேண்டும் என்றேன். பெடியன் தங்கமானவன், என்னைவிடப் பொறுமைசாலி. உண்மைக் காரணம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் தங்கள் வீட்டைப் பற்றிக் கதைக்கும்போது, மாடிப்படிக்குக் கீழே இரும்பு அலுமாரி இருக்கிறது, அதற்குள் அப்பாவின் வேட்டைத் துவக்குகள் இருக்கின்றன என்று அவன் சாதாரணமாகச் சொன்னான். அதற்குப் பிறகு எனக்குத் தேத்தண்ணி உள்ளே இறங்கவில்லை.

என் வலது தோளுக்குள் ஒரு துவக்குச் சன்னம் இருக்கிறது. ஊரில் சண்டை நடந்த காலம், பதினெட்டு வயதில், சைக்கிளில் போகும்போது பட்டது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. எடுக்கப் போனால் கை போகலாம் என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். குளிர் தொடங்கினால் உளையும். மகளுக்கு அது அப்பாவின் தோள் நோ, அவ்வளவுதான். நான் சொல்லவில்லை, அவளும் துருவிக் கேட்கவில்லை. துவக்கு இருக்கிற வீட்டில் என் பேரப்பிள்ளை தவழுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"வெளியிலை வைச்சு என்னவும் செய்யுங்கோ. என்ரை குசினிக்கை வரப்படாது," என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கோடையோடு மூடி வைத்த பார்பிகியூ அடுப்பை ஷெட்டிலிருந்து இழுத்தேன்.

சனிக்கிழமை பின்வளவில் ஜக்கெட்டோடு நின்று, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்துத் தோலை உரித்தேன். கொழுப்பே இல்லாத, கருஞ்சிவப்பு இறைச்சி. சன்னம் புகுந்த இடங்கள் கன்றிப்போய் நீலமாக இருந்தன. கத்தி முனையால் ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்தேன், கடுகளவு ஈயம். சில இடங்களில் சன்னம் போகிற போக்கில் ஒரு சின்ன இறகையும் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். என் தோளுக்குள்ளிருந்தும் சேட்டுத் துணியின் நூலைத்தான் அன்று முதலில் எடுத்தார்கள். வேலையை முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்த மனிதர் மீது எனக்கு நல்ல கோபம் வந்தது.

ஞாயிறு அவர் வந்து சேர்ந்தபோது பெட்டைப் பறவையை நான் நாசமாக்கி முடித்திருந்தேன். எலும்பு கழன்று வந்தால்தான் வெந்தது என்று நம்புகிற ஆட்கள் நாங்கள். தூளும் உப்பும் தயிரும் பூசி, கோழித்தொடை வாட்டுகிற நினைப்பில் கொழுந்துவிட்ட நெருப்பில் போட்டேன். கொழுப்பில்லாத இறைச்சி செருப்புத் தோலாகிவிட்டது. அவர் குனிந்து பார்த்தார்.

"என்னுடையதும் எப்போதும் இப்படித்தான் வரும்," என்றார். சிரிக்கவில்லை. அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்சம் கோபம் இறங்கியது.

ஆண் பறவைக்குப் பொறுமையாக இருந்தேன். கரி வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை காத்திருந்தேன். மனைவி தேங்காய்க் கட்டிப்பாலை ஒரு கிண்ணத்தில் விட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு குசினி யன்னலால் நீட்டினாள். அதைப் பூசிப் பூசித் திருப்பினேன். பால் சொட்டிய இடமெல்லாம் புகை எழும்பியது. நெஞ்சுப் பகுதியை முதலில் இறக்கிவிட்டுக் கால்களை இன்னும் கொஞ்சம் விட்டேன்.

வீட்டுக்குள் மச்சம் போகாது என்பதால் அவரும் மகளும் நானும் பிளாஸ்டிக் கதிரைகளில், ஜக்கெட்டோடு, அந்தக் குளிரில் இருந்து சாப்பிட்டோம். யன்னலால் இடியப்பமும் சொதியும் வந்தன. அவர் கருகின பெட்டையையே முதலில் எடுத்தார். நான் ஆணின் நெஞ்சில் ஒரு துண்டை வாயில் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கடியில் பல்லில் டக்கென்று பட்டது.

எல்லாச் சன்னத்தையும் எடுத்துவிட்டேன் என்றல்லவா நினைத்திருந்தேன். விரலால் எடுத்துப் பார்த்தேன். அவர் கண்டுவிட்டார். முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு உள்ளங்கையை என் பக்கம் விரித்து நீட்டினார்.

"அது என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றார். "பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

சன்னத்தை அவர் கையில் வைத்தேன்.

"எனக்குள்ளும் ஒன்று இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொல்லித் தோளைத் தொட்டுக் காட்டினேன். மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவர் என் தோளைப் பார்த்தார். "அது யாருடையது?" என்று கேட்டார்.

"தெரியாது. என்னுடையது என்று இதுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை."

அவர் சன்னம் இருந்த கையின் விரல்களை மூடிக்கொண்டார். நான் மகள் பக்கம் திரும்பினேன்.

"அம்மாட்டைச் சொல்லு பிள்ளை, தையிலை ஒரு நல்ல நாள் பாக்கட்டும்."

அவள் அழுதுகொண்டே எழும்பி யன்னலடிக்கு ஓடினாள். கையெல்லாம் எண்ணெயும் இறைச்சியும். நான் சொன்னது மனைவிக்குக் கேட்டிருக்கவேண்டும். விரதமாவது மச்சமாவது, யன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.