உங்க வண்டிக்கு மட்டும்தான் சார்

அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது என் மனைவிதான். ஆரணியில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் அவளுக்கு சேல்ஸ் வேலை. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்களையும் கல்யாணப் புடவை எடுக்கவைத்து அனுப்புகிற வாய் அவளுக்கு. நான் ஒரு அரிசி மில்லில் சூப்பர்வைசர். காலையில் அவளைக் கடையில் இறக்கிவிட்டு மில்லுக்குப் போவேன். பழைய வண்டி புகை தள்ள ஆரம்பித்ததும் ஷோரூமுக்குப் போனோம். "இந்த செவப்பு வண்டிதாங்க. டிஸ்க் பிரேக்கு, சேஃப்டி" என்று அவளே கை நீட்டிச் சாவியை வாங்கினாள்.

கொஞ்ச நாளிலேயே முன் பிரேக் வேலையைக் காட்டியது. நாலைந்து நாள் ஒழுங்காகப் பிடிக்கும். திடீரென்று ஒரு நாள் லிவரை அழுத்தினால் தொளதொளவென்று கைப்பிடி வரைக்கும் வந்துவிடும், வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். படபடவென்று அழுத்தி அடித்தால் மறுபடி உயிர் வரும்.

ஷோரூமில் சொன்னேன். "ஏர் புடிச்சிருக்கும் சார், எடுத்துட்டோம்" என்றார்கள். மறுபடி போனேன். "நீங்க பிரேக் மேலயே வெரல வச்சிகினு ஓட்டுறீங்க சார்" என்றார்கள். மூன்றாம் முறை மேனேஜரே வெளியே வந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாத, என்னைவிட வயதில் சின்ன ஆள்.

"இதே மாடல் எவ்ளோ பேர் ஓட்டுறாங்க. யாருமே கம்ப்ளெய்ன்ட் சொல்லல. உங்க வண்டிக்கு மட்டும்தான் சார்."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே அவளிடம் சொன்னேன். "ஒருவேள உங்களுக்குத்தான் ஓட்டத் தெரிலயோ?" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம், காலையில் கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆற்றுப் பாலம் இறங்கியதும் முன்னால் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று சடாரென்று நின்றது. தூரம் இருந்தது. அழுத்தினேன். லிவர் வெறுமனே கைப்பிடியில் வந்து ஒட்டியது. திரும்ப அழுத்துவதற்குள் டிரெய்லர் முகத்துக்கு நேராக வந்துவிட்டது. பின் பிரேக்கை மிதித்ததில் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் மோதியது. நான் ஹெல்மெட்டோடு கீழே விழுந்தேன். அவள் என் தோளைத் தாண்டிப் போய் டிரெய்லரின் இரும்பு விளிம்பில் முகத்தைக் கொடுத்தாள். காய்ந்த தேங்காய் ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம்.

தவழ்ந்து போய் அவளைத் திருப்பினேன். கீழ்த்தாடை இருக்கிற இடத்தில் இல்லை. வாயிலிருந்து ரத்தத்தோடு பல் துண்டுகள் வழிந்தன. கண் திறந்திருந்தது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிராக்டர்காரர் தன் துண்டை அவள் வாயில் வைத்து அழுத்தினார். அது நனைந்து சொட்டியது.

வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். தாடைக்குத் தகடு வைத்து, மேல் பல்லையும் கீழ் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கம்பி எடுக்கிற வரை ஸ்ட்ராவில் கஞ்சிதான், பேச முடியாது. அவளுக்குப் பேச்சுதான் வேலை. முகம் பாதி ஊதா நிறத்தில் வீங்கி, தன் வீட்டிலேயே யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் போனில் டைப் அடித்துக் காட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த மேனேஜரை மனசுக்குள் எத்தனையோ விதமாக அடித்தேன். அப்படி ஒரு நாற்றம் பிடித்த ஆத்திரம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

உடைந்த வண்டியை ஷோரூமுக்கு ஏற்றிப் போயிருந்தார்கள். ஒரு நாள் போன் வந்தது. வண்டி ரெடி, பிரேக் ஓகே, எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். அவளிடம் சொன்னேன். போனை எடுத்து ஒரே ஒரு வார்த்தை அடித்தாள். "போலாம்."

சனிக்கிழமை, ஷோரூமில் சர்வீசுக்கு வந்தவர்கள் நிறைய. அவள் முகத்தைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்கள். மேனேஜர் என்னிடம் மட்டும் பேசினார்.

"செக் பண்ணியாச்சு சார். பிரேக்ல ஒண்ணுமே இல்ல. நீங்க ஸ்பீடா போயிருப்பீங்க. மேடம் வேற ஹெல்மெட் போடல பாருங்க."

அவள் கவுண்டரில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். எங்கள் வண்டியின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மேனேஜரைப் பார்த்து, முன் சீட்டைக் கையால் தட்டிக் காட்டினாள். வா, நீ ஓட்டு.

"நான் எதுக்கு மேடம் ஓட்டணும்?" என்று சிரித்தார்.

மறுபடி தட்டினாள். எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மேனேஜரின் சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவரும் அந்த வண்டிப் பக்கம் போகவில்லை.

"பேஜார் புடிச்ச கேஸுங்க எல்லாம் நமக்குன்னே வருது" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் உள்ளே திரும்பினார்.

என் கையில் ஹெல்மெட் இருந்தது. அதாலேயே அவர் முகத்தில் அடித்தேன். மூக்கு நொறுங்கியது கை வரைக்கும் தெரிந்தது. எனக்கு அது இனித்தது. கீழே தள்ளி மறுபடி அடித்தேன். ஷோரூம் ஆட்கள் என்னை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். விலாவில் ஒரு உதை, காதில் ஒரு உதை. மூச்சு வாங்க முடியவில்லை. எங்கிருந்தோ ஒரு சத்தம் கேட்டது, கட்டிப்போட்ட மாடு அடித்தொண்டையில் கத்துகிற மாதிரி. கம்பி கட்டிய வாயோடு அவள்தான் கத்திக்கொண்டிருந்தாள். வாசல் சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கிற சிலிண்டரைப் பிடுங்கி, இரண்டு கையாலும் தூக்கி ஷோரூமின் முன் கண்ணாடியில் எறிந்தாள்.

கண்ணாடி மொத்தமும் இறங்கியது.

கூட்டத்திலிருந்து ஒரு குரல். முள்ளிப்பட்டு ஊர்க்காரர் ஒருவர், அதே மாடல் வண்டியை சர்வீசுக்கு விட வந்தவர். "என் வண்டி பிரேக்கும் அப்டித்தாம்பா உள்ள போவுது! என் வண்டிக்கு மட்டும்தான்னு என்னாண்டயும் சொன்னாங்க!" இன்னொருவர் "எனக்கும்" என்றார். அப்புறம் அங்கே நடந்ததை யாராலும் நிறுத்த முடியவில்லை. வரிசையாக நின்ற புது வண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளினார்கள். கவுண்டரைக் கவிழ்த்தார்கள். பெட்ரோல் வாசனை வந்தது.

கவிழ்ந்த கவுண்டருக்குப் பின்னால், ரிசப்ஷனில் வேலை பார்க்கிற பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே கண்ணாடித் துண்டு இறங்கி, சதை பிளந்திருந்தது. சுடிதார் மடியெல்லாம் ரத்தம். அழக்கூட இல்லை, கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஓடிப்போய்த் தன் முந்தானையால் அந்தக் கையைச் சுற்றிக் கட்டினாள். ஏதோ சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தாள். கம்பி இழுத்து அவள் உதட்டிலும் ரத்தம் வந்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், மூக்கில் பஞ்சோடு இருந்த மேனேஜரையும் என்னையும் எதிரெதிரே உட்காரவைத்தார். சாயந்திரம் அந்தப் பெண் தையல் போட்ட கையோடு வந்தாள்.

"கண்ணாடிய ஒடச்சது யாரும்மா?"

"இந்த அக்காதான் சார்."

என் மனைவி தலையாட்டினாள். அந்தப் பெண் அதோடு நிறுத்தவில்லை.

"இந்த வண்டி பிரேக்குக்கு நெறைய பேர் வந்து கத்திட்டுப் போயிருக்காங்க சார். யார் வந்தாலும் உங்க வண்டிக்கு மட்டும்தான்னு சொல்லுன்னு இவருதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு."

மேனேஜர் எழுந்துவிட்டார். "வேலைய விட்டுப் போறியா நீ?"

"போறேன் சார்" என்றாள்.

எங்கள் மேல் கேஸ் பதிந்தார்கள். நாங்களும் அதே மாடல் வைத்திருந்த இன்னும் சிலரும் சேர்ந்து திருவண்ணாமலையில் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனோம். இழுத்துக்கொண்டே போனது. நடுவில் கம்பெனி சத்தமில்லாமல் வண்டிகளைக் கூப்பிட்டு பிரேக் சிலிண்டரை மாற்றிக் கொடுத்தது. அந்தப் பெண் சாட்சி சொல்ல வந்தாள். எங்களோடு வரவில்லை, தனியாக வேறு பஸ்ஸில் வந்தாள். கையில் தழும்பு தடித்திருந்தது. அதற்குள் கம்பி எடுத்திருந்த என் மனைவி, கோணிய வாயால் மெதுவாக மன்னிப்புக் கேட்டாள்.

"உங்க மேல இருக்கற கோவம் எனக்கு இன்னும் போவலக்கா" என்றாள் அந்தப் பெண். "சாட்சி நான் சொல்றேன். அது வேற."

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. புது வண்டி தருகிறோம் என்றார்கள். என் மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். என் மேல் போட்ட அடிதடி கேஸ் இன்னும் நடக்கிறது. அதற்கு வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் மேனேஜரின் வளைந்த மூக்கைப் பார்க்கிறேன். வருத்தம் வரும் என்று காத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.

போன மாதம் காந்தி சிலை சிக்னலில் எனக்கு முன்னால் அதே மாடல் சிவப்பு வண்டி ஒன்று நின்றது. பின்னால் ஒரு பெண், மடியில் குழந்தை. பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த நான் கிட்டே போனேன். "பிரேக் சிலிண்டர் மாத்திட்டீங்களாங்க?" என்று ஓட்டுகிறவனைக் கேட்டேன்.

"உன் வேலயப் பாத்துகினு போய்யா" என்றான்.

அவன் கையோடு சேர்த்து லிவரைப் பிடித்து அழுத்தினேன். அவன் இன்னொரு கையால் என் நெஞ்சில் குத்தினான். நான் விடவில்லை. லிவர் பாதியில் கெட்டியாக நிற்கிற வரைக்கும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தேன்.