கப்பல் நாளும் தோழன் பேட்ஜும்

அடுத்தவர் மனக்கஷ்டத்தைக் கேட்கிற வேலையில் இருப்பவன் தூங்கக் கூடாது. நான் தூங்கிவிட்டேன், கண் விழித்தால் ரூபனைக் காணோம்.

உங்களையும் எந்தப் பள்ளியிலாவது ‘மாணவத் தோழன்’ என்று பேட்ஜ் குத்தி ஓர் அறையில் உட்கார வைத்திருந்தால் என் பாடு புரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கு மனசு சரியில்லையோ அவர்கள் வருவார்கள். அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த நான் கேட்க வேண்டும். இப்போது பள்ளியை விட்டு வந்தாயிற்று, உண்மையைச் சொல்லலாம்.

பேசாதவன்

ரூபன் பதினொன்றாம் வகுப்பு. தெற்கே தொலைவில் இருக்கிற கட்சால் தீவிலிருந்து கப்பலில் வந்து எங்கள் பள்ளி ஹாஸ்டலில் இருந்தான். வந்ததிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்று வார்டன் என்னிடம் அனுப்பினார். வந்தான், உட்கார்ந்தான், பேசவில்லை. கடலின் வெளிச்சம் ஜன்னல் வழியாக ஏறி மேற்கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. ஃபேன் அரைமனதாகச் சுற்றியது. விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுக் கூரையை உரசுகிற மாதிரி விமானம் இறங்கும். அந்தச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவன் நான். இந்த அமைதியில் எப்படி விழித்திருப்பேன்?

சாயங்காலம் வார்டன் அவனைத் தீவுக் கப்பல்கள் வந்து நிற்கிற ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் பிடித்து அழைத்து வந்தார். இன்னொரு தடவை ஓடினால் டி.சி. கொடுத்து ஊருக்கே கப்பலேற்றிவிடுவதாகச் சொன்னார். ஊருக்குப் போனால் ரூபனின் படிப்பு அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பினார்: “அரே, தோழன் சாப், உன்னைப் பார்த்துக்க யாரைப் போடறது?”

தலையாட்டும் பாடம்

மெயின்லேண்டிலிருந்து வந்த கவுன்சலர் மேடம் எனக்குப் பாடம் எடுத்தார். அறிவுரை சொல்லாதே, தலையாட்டு, அவன் சொன்னதையே திருப்பிச் சொல். “அவன் ஒண்ணுமே சொல்லலையே மேடம்” என்றேன். மௌனத்தையும் மதிக்க வேண்டுமாம்.

மறுநாள் மதித்தேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தான், நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வெயில் மேசையை விட்டு இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் ரூபன் முதல்முறையாக வாயைத் திறந்தான்: “அண்ணே, ஒங்களுக்குக் கழுத்து வலிக்கலயா?”

ஜெட்டி

அதற்குப் பிறகு பேசினான். ஓடிப்போக ஜெட்டிக்குப் போகவில்லையாம், கப்பலில் வருகிறவர்களைப் பார்க்கப் போனானாம். நான் நம்பவில்லை. ஹாஸ்டல் பையன்களை வெளியே விடுகிற ஒரு விடுமுறை நாளில் கப்பல் வந்தது, அவனோடு கிளம்பினேன்.

கப்பல் அவ்வளவு மெதுவாக வந்தது. நாங்கள் நின்ற ஜெட்டிதான் அதை நோக்கி மிதந்து போகிற மாதிரி இருந்தது. சாக்கு, தேங்காய், கோழிக் கூடை என்று ஜனம் இறங்கியது. கட்சால் முகம் தெரிந்தால் ரூபன் மறித்தான். மழை பெஞ்சுதா, நாய் குட்டி போட்டுச்சா, தோட்டத்துல வேலை நடக்குதா? எங்கள் ஹாஸ்டலில் தமிழ்ப் பையன்களே இந்தியில்தான் சண்டை போடுவார்கள். வாய் திறக்காதவன் இங்கே மூச்சு விடாமல் பேசினான்.

அவன் அப்பாவோடு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ஒருவர் பெட்டியைக் கீழே வைத்தார். ரூபனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீ அழுறியான்னு பாத்துட்டு வரச் சொன்னாரு ஒங்கப்பா. நான் என்னன்னு போய்ச் சொல்லட்டும்?”

கதவு

கப்பல் நாளில் அவனை ஜெட்டிக்கு விட்டால் போதும் என்று மேடத்திடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, வார்டன் அவனுக்கு டி.சி. கொடுத்துவிடுவாரோ என்று பயந்தார். முடிவெடுப்பது உன் வேலை இல்லை, அடுத்த கப்பல் ஊதும்போது அவனை அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்து என்றார்.

ஊதியது. மதிய வெயிலில் அந்தச் சத்தம் பள்ளி மேல் போர்வை மாதிரி விழுந்தது. ரூபன் எழுந்தான், தானாகவே உட்கார்ந்துகொண்டான். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவன் கையைப் பிடித்து நேரே வார்டனிடம் இழுத்துப் போனேன். ஜெட்டிக்கு நானும் கூடப் போகிறேன், அவன் திரும்பி வராவிட்டால் எனக்கும் டி.சி. கொடுங்கள் என்றேன்.

வார்டன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பன்னிரண்டாவது முடிச்சா உனக்கு டி.சி. எப்படியும் கிடைக்கும், தோஸ்த். சலோ, இருட்டறதுக்குள்ள அவனைக் கொண்டுவந்து நிறுத்து.”

ரூபன் இப்போது பன்னிரண்டாவது. அந்த வேலையில் எனக்குக் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான், கப்பல் ஊதினால் கதவைச் சாத்து என்று, அதையும் நான் செய்யவில்லை.